மகன் குரலில் வந்த ஆடியோவை நம்பி அனுப்பிய பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: என் மகன் கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். இன்ஸ்டாகிராமில் நிறைய ரீல்ஸ் போடுவான். முந்தாநாள் தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் அவன் குரலில் ஒரு ஆடியோ: "அம்மா, பைக்ல ஒருத்தர இடிச்சுட்டேன், என் போன் உடைஞ்சிருச்சு, இந்த ஜிபே நம்பருக்கு உடனே பணம் போடு." பதறிப்போய் 85,000 ரூபாய் அனுப்பிவிட்டேன். அந்த நேரம் அவன் வகுப்பில் இருந்திருக்கிறான். நீங்களாகத்தானே அனுப்பினீர்கள் என்கிறது வங்கி. ஏஐ குரல் என்று எப்படி நிரூபிப்பீர்கள் என்கிறார்கள் காவல் நிலையத்தில். பணம் கிடைக்குமா? இன்ஸ்டாகிராம் மீது வழக்குப் போடலாமா?

பதில்: இதைப் படித்து முடிப்பதற்குள், இன்னும் அழைக்கவில்லை என்றால், சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், அவர்கள் தரும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பணம் போன கணக்கிலோ அங்கிருந்து மாறிய அடுத்த கணக்கிலோ மிச்சம் இருந்தால் அதை முடக்குவார்கள். ஏடிஎம்மில் எடுத்துவிட்டார்கள் என்றால் வாய்ப்பு குறைவு, அதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. முடங்கிய பணத்தை, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503-வது பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டுக் கேட்கலாம்.

அப்புறம், ஏஐ என்று நிரூபிக்கும் வேலை உங்களுடையது இல்லை. யாரோ உங்கள் மகனாக நடித்துப் பணம் பறித்தார்கள். ஒரு மிமிக்ரிக்காரர் பேசியிருந்தாலும் இதே குற்றம்தான். ஆள்மாறாட்ட மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த சட்டம்) 319, ஏமாற்றிப் பணம் பெற்றதற்கு 318(4), கூடவே தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி. புகாரில் 'ஏஐ' என்ற வார்த்தையைப் பெரிதாக்காமல் யார் கணக்குக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு போனது என்று எழுதுங்கள், ஏனென்றால் போலீஸ் ஆளைப் பிடிப்பது குரலை வைத்து இல்லை, அந்தக் கணக்கையும் சிம்மையும் வைத்துத்தான். மகன் வகுப்பில் இருந்ததற்குக் கல்லூரி வருகைப்பதிவு போதும்.

அந்த ஆடியோவை அழிக்காதீர்கள். சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டு, போனை மாற்றி, கடைசியில் யாரோ ஒருவர் திருப்பி அனுப்பிய பிரதியைக் கொண்டுவருபவர்கள்தான் அதிகம். வந்து இறங்கிய போனிலேயே இருக்கட்டும். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றம் ஏற்கத் தேவையான, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழை அதை வைத்துத்தான் தர முடியும். எஃப்ஐஆர் போட மறுத்தால் எஸ்பிக்கோ கமிஷனருக்கோ தபாலில் புகார் அனுப்புங்கள், அதற்கும் அசையாவிட்டால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 175(3)-இல் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

இன்ஸ்டாகிராம் மீது வழக்கா? வேண்டாம். மற்றவர்கள் போடுவதற்குத் தளம் பொறுப்பாகாது என்கிற தகவல் தொழில்நுட்பச் சட்டம் 79-வது பிரிவுப் பாதுகாப்பு அவர்களுக்கு இருக்கிறது, உங்களை ஏமாற்றிய ஆடியோவும் அங்கே வரவில்லை. 2024-இல் பாடகர் அரிஜித் சிங் தன் குரலை ஏஐயில் நகலெடுப்பதற்கு எதிராக பம்பாய் உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கினார். அது ஊரறிந்த குரலை வியாபாரத்துக்குப் பயன்படுத்திய விவகாரம். உங்கள் 85,000-ஐ அந்த வழியில் மீட்க முடியாது. மகன் குரலில் யாராவது வீடியோ போட்டால் மட்டும் இன்ஸ்டாகிராம் குறைதீர் அதிகாரிக்குப் புகார் அனுப்பி நீக்கச் சொல்லுங்கள்.