கறுப்பின எழுத்தாளர்களின் அறிபுனைவு (அறிவியல் புனைகதை) அண்மையில் வந்த போக்குதானா?

இல்லை. கறுப்பினத்தவர் பார்வையில் எதிர்காலத்தையும் அறிவியலையும் கற்பனை செய்யும் கலைப்போக்கைக் குறிக்கும் ‘ஆப்ரோஃப்யூச்சரிசம்’ என்ற சொல்தான் 1990களில் வந்தது. கதைகள் அதற்கு வெகுகாலம் முந்தியவை. 1920லேயே அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் டு பாய்ஸ் ‘தி காமெட்’ (வால்மீன்) சிறுகதையை வெளியிட்டுவிட்டார். மனுஷர் சமூகவியல் அறிஞர், எழுதியதோ உலகம் அழியும் கதை!

கதையின் நாயகன் ஜிம், நியூயார்க் வங்கியொன்றில் எடுபிடி வேலை பார்க்கும் கறுப்பர். ஆபத்தான நிலவறைக்குள் இறங்க அவரைத்தான் அனுப்புகிறார்கள். அதனாலேயே பிழைக்கிறார். மேலே வந்தால், வால்மீனின் நச்சுவாயுவில் ஊரே பிணக்காடு. பசி. பெரிய ஹோட்டல் ஒன்றில் புகுந்து சாப்பாட்டை எடுக்கிறார். நேற்றுவரை அங்கே அவருக்குப் பரிமாறியிருக்க மாட்டார்கள். எனக்கு மறக்காத இடம் இதுதான்.

பிறகு உயிரோடிருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பணக்காரப் பெண்ணைச் சந்திக்கிறார். மிஞ்சியது நாம் இருவர்தான் என்று நம்பும்போது நிறபேதம் மெல்லக் கரைகிறது. அழிந்தது நியூயார்க் மட்டும்தான் என்று தெரிந்ததும் பழைய உலகம் அப்படியே திரும்பிவிடுகிறது. அவளுடைய அப்பா ஜிம் கையில் பணத்தைத் திணிக்கிறார். கடைசியில் ஜிம்மின் மனைவி வருகிறார், கையில் இறந்த குழந்தையோடு.

2000இல் ஷெரீ தாமஸ் தொகுத்த, கறுப்பின எழுத்தாளர்களின் கதைகள் அடங்கிய ‘டார்க் மேட்டர்’ நூலில் இந்தக் கதை மறுபடி அச்சானது. புதிதாக வாசிப்பவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.