விண்டோஸ் 10 முடிஞ்சா லேப்டாப்பும் முடிஞ்சுதா?

போச்சம்பள்ளியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வீட்டுக்காரர் உரக்கடை வைத்திருக்கிறார், டேலி என்ற கணக்கு மென்பொருளும் ஜிஎஸ்டியும் இவர் கையில்தான். 2017-ல் வாங்கிய லேப்டாப், ஐ5 ஏழாம் தலைமுறை பிராசசர், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டுடிஸ்க். ஆன் செய்துவிட்டுப் போய் டீ போட்டுக்கொண்டு வந்தால்தான் திறந்திருக்கும் என்கிறார். சர்வீஸுக்குக் கொடுத்த இடத்தில், "விண்டோஸ் 10-ஐ நிறுத்திட்டாங்க, இனிமே இது ஓடாது, 55,000 ரூபாய்க்குப் புதுசு எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டார்களாம். பெங்களூரில் வேலை பார்க்கும் கொழுந்தனாரோ, அங்கே கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்பி ரோட்டில் 18,000-க்கு நல்ல செகண்ட் ஹேண்ட் கிடைக்கும், வாங்கித் தருகிறேன் என்கிறார். கல்லூரியில் படிக்கும் நாத்தனார் மகன், இதிலேயே விண்டோஸ் 11 ஏற்றித் தருகிறேன் அத்தை என்கிறான். மூன்று பேர் மூன்று வழி சொன்னால் யார் பேச்சைக் கேட்பது என்பதுதான் கேள்வி.

கிருஷ்ணகிரியில் லேப்டாப் பழுது பார்ப்பதுதான் எனக்குத் தொழில், இதே கேள்வியோடு வாரத்துக்கு நாலு பேராவது வருகிறார்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், "ஓடாது" என்பது பொய். 2025 அக்டோபர் 14-ஆம் தேதி மைக்ரோசாப்ட் விண்டோஸ் 10-க்கான ஆதரவை நிறுத்தியது உண்மைதான். அதற்கு அர்த்தம், மாதாமாதம் வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட் இனி வராது என்பதுதானே தவிர, லேப்டாப் ஒருநாள் காலையில் திறக்காமல் போய்விடும் என்பதல்ல. டேலி ஓடும், பிரிண்டர் ஓடும், ஜிஎஸ்டி தளமும் திறக்கும். விண்டோஸ் 7-ஐ 2020 ஜனவரியிலேயே நிறுத்தினார்கள், எடை மேடைகளிலும் பழைய டிடிபி கடைகளிலும் அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அதற்காக அலட்சியமாக விட்டுவிடவும் கூடாது. விண்டோஸ் 10-க்கும் 11-க்கும் உள்ளே இருக்கும் புரோகிராம் வரிகளில் நிறைய ஒன்றுதான். மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை 11-க்கு ஒரு ஓட்டையை அடைத்து அப்டேட் விட்டால், எதை அடைத்தார்கள் என்று பிரித்துப் பார்க்கவே ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது, அதே ஓட்டை அப்டேட் வராத 10-ல் திறந்தே கிடக்கும். 2017 மே மாதம், பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் வந்தது ஞாபகம் இருக்கலாம். அதற்கான அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது, போடாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள், பக்கத்து ஆந்திராவில் காவல்துறை கம்ப்யூட்டர்கள் உட்பட. ஆன்டிவைரஸ் போட்டால் போதும் என்று சில கடைகளில் சொல்லி விற்கிறார்கள். அது முகம் தெரிந்த திருடனைப் பிடிக்கும், சுவரில் இருக்கும் ஓட்டையை அடைக்காது. வங்கிக் கணக்கும் கடைக் கணக்கும் ஒரே லேப்டாப்பில் இருக்கும்போது அப்டேட் இல்லாமல் வருஷக்கணக்கில் ஓட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, பலருக்கும் தெரியாத சமாச்சாரத்துக்கு வருகிறேன். வீட்டு உபயோக விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு இருக்கிறது, இஎஸ்யு என்பார்கள். 30 டாலர் என்று விலை போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் பின்வாங்கிவிடுகிறார்கள். பணமே கட்ட வேண்டாம், உங்கள் செட்டிங்ஸை மைக்ரோசாப்ட் கணக்கோடு சிங்க் செய்ய ஒத்துக்கொண்டால் இலவசம். செட்டிங்ஸில் போய் அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, அதில் விண்டோஸ் அப்டேட், அங்கே வலது பக்கத்திலோ கீழேயோ "என்ரோல் நவ்" என்று ஒரு லிங்க் தெரியும். தெரியவில்லை என்றால் உங்களுடையது 22எச்2 பதிப்பா என்று பாருங்கள், இல்லாவிட்டால் முதலில் அந்த அப்டேட்டை முடிக்க வேண்டும். லாகின் செய்திருக்கும் கணக்கு அட்மினிஸ்ட்ரேட்டராக இருக்க வேண்டும். ஒரு மைக்ரோசாப்ட் கணக்கில் 10 கம்ப்யூட்டர் வரை சேர்க்கலாம், கடைக்கு ஒன்று வீட்டுக்கு ஒன்று என்று வைத்திருப்பவர்களுக்கு இது போதும். ஒரே ஒரு எச்சரிக்கை, அப்படிச் சேரும்போது வரும் பேக்கப் திரையில் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாவற்றுக்கும் டிக் விட்டுவிட்டால் ஒன்டிரைவின் இலவச 5 ஜிபி நாலு நாளில் நிரம்பி, காசு கொடுத்து இடம் வாங்கு என்று தினமும் நச்சரிக்கும். அவற்றை எடுத்துவிட்டு செட்டிங்ஸை மட்டும் விட்டால் போதும்.

விண்டோஸ் 10-ஐ நிறுத்திய அதே 2025 அக்டோபர் 14-ல் ஆபிஸ் 2016, 2019 இரண்டுக்கும் ஆதரவு நின்றுவிட்டது, அதை யாரும் பேசுவதே இல்லை. மெயிலில் வரும் எக்செல் பைலைத் திறப்பதுதான் உங்கள் வேலையில் முக்கால்வாசி என்றால் லிப்ரெஆபிஸ் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், இலவசம்.

இப்போது டீ போட்டு வரும் விஷயம். அந்த நேரத்துக்கும் விண்டோஸுக்கும் பெரிய சம்பந்தமில்லை. நாளைக்குக் காலையில் ஆன் செய்ததும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள், சிபியூ 20, 30 சதவீதம் என்று சும்மா இருக்கும், டிஸ்க் மட்டும் 100 சதவீதம் என்று சிவந்து நிற்கும். லேப்டாப்பில் உள்ளங்கை வைக்கும் இடத்தில் காதை வைத்தால் கிரிக் கிரிக் என்று ஒரு சத்தம் கேட்கும், ஹார்டுடிஸ்க்கின் ஊசி தட்டின் மேல் அங்குமிங்கும் ஓடும் சத்தம் அது. பெரிய படம் ஒன்றை வரிசையாகப் படிக்கச் சொன்னால் நொடிக்கு 100 எம்பி வரை படித்துவிடும். ஆனால் விண்டோஸ் திறக்கும்போது கேட்பது ஆயிரக்கணக்கான குட்டிக்குட்டி பைல்கள், ஒவ்வொன்றும் தட்டின் ஒவ்வொரு மூலையில், அப்படிக் கேட்டால் நொடிக்கு ஒரு எம்பி வருவதே பெரிய விஷயம். ஹார்டுடிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டே கிடையாது, அதனால் இந்த அலைச்சலும் கிடையாது. உங்கள் ஐ5 நன்றாகத்தான் இருக்கிறது, அதைக் கட்டி இழுப்பது ஹார்டுடிஸ்க்.

போன மாதம் இதே மாதிரி ஒன்று வந்தது, கிரானைட் பாலிஷ் பட்டறையிலிருந்து. பின்மூடியைக் கழட்டினால் ஃபேனுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் வெள்ளைத் தூள் கம்பளி மாதிரி கெட்டியாக அடைத்துக் கிடக்கிறது, சிபியூ மேலிருந்த பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்கிறது. சுத்தம் செய்து, புது பேஸ்ட் வைத்து, 2.5 இஞ்ச் எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தேன். அரை நிமிஷத்துக்குள் திறந்துவிட்டது, வாங்கிப் போனவர் இது என் லேப்டாப்தானா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். உரக்கடையிலும் தூசிக்குக் குறைச்சல் இருக்காது, எஸ்எஸ்டி போடச் சொல்லும்போதே ஃபேனையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். இருக்கும் விண்டோஸை அப்படியே எஸ்எஸ்டிக்கு க்ளோன் செய்து தருவார்கள், டேலியை மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. பழைய ஹார்டுடிஸ்க்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள், உங்கள் கணக்கு வழக்கு எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு யூஎஸ்பி கேஸ் வாங்கிப் போட்டால் பேக்கப்புக்கு ஆகும்.

ரேமும் 4 ஜிபி போதாது, 8 ஆக்க வேண்டும். ஆனால் இதற்கு நேரம் சரியில்லை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை மொத்தமாக அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. நாங்களெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த க்ரூஷியல் பிராண்டையே கைவிடுவதாக அதைத் தயாரிக்கும் மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. எங்கோ யாரோ சாட்பாட்டோடு பேசுவதற்கு நம் ஊர் உரக்கடை விலை கொடுக்க வேண்டியிருக்கிறது, என்ன செய்வது. பழைய லேப்டாப்பிலிருந்து கழட்டிய 4 ஜிபி டிடிஆர்4 ஒன்று கிடைத்தால் தாராளமாகப் போடுங்கள், ரேமில் தேய்கிற பாகம் எதுவும் இல்லை, ஓட்டிப் பார்த்து நன்றாக இருந்தால் போதும். உங்கள் மாடலில் இரண்டாவது ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

நாத்தனார் மகன் விஷயம். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் இருக்கிறது, பிறகு ஏன் விண்டோஸ் 11 வேண்டாம் என்கிறது என்று அவன் கேட்டிருக்கலாம். டிபிஎம் மட்டும் போதாது, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாப்டின் பட்டியலில் வரும், ஏழாவதில் ஒருசில மாடல்கள்தான் விதிவிலக்கு. சோதனையைத் தாண்டி ஏற்றுவதற்கு வழி இருக்கிறது, உங்களுடையதில் ஓடவும் செய்யும். ஆனால் அப்படி ஏற்றினால் அப்டேட் வரும் என்பதற்கு மைக்ரோசாப்ட் பொறுப்பேற்பதில்லை, வருஷாவருஷம் வரும் பெரிய அப்டேட்டையும் கையாலேயே ஏற்ற வேண்டியிருக்கும். அவன் படிக்கிற பையன், தன் லேப்டாப்பில் செய்து பார்க்கட்டும், கற்றுக்கொள்வான். மார்ச் கணக்கு முடிக்கிற நேரத்தில் அவனுக்கு செமஸ்டர் என்றால் நீங்கள் யாரைக் கூப்பிடுவீர்கள்? இன்னொன்று, காசு கொடுக்காமல் விண்டோஸைத் திறந்துவிடும் இலவச ஆக்டிவேட்டர் என்று எதையாவது இறக்க வந்தால் கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள். வைரஸ் உள்ளே வர அதைவிட நேர்வழி கிடையாது.

லினக்ஸ் போடலாமே என்று சிலர் சொல்வார்கள். பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப் 2 ஜிபி ரேமோடு பரணில் கிடந்தால் அதற்கு இலேசான லினக்ஸ் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், நானே நிறையப் போட்டிருக்கிறேன். ஆரம்பத்தில் அந்த லேப்டாப்கள் விண்டோஸோடு மத்திய அரசு நிறுவனமான சென்னை சிடாக்கின் பாஸ் லினக்ஸும் சேர்ந்துதான் வந்தன, யாரும் அந்தப் பக்கம் போகவில்லை என்பது வேறு கதை. டேலி விண்டோஸுக்காக எழுதியது என்பதால் உங்களுக்கு லினக்ஸ் வேண்டாம்.

கொழுந்தனார் சொல்வது தப்பில்லை, ஆனால் எஸ்பி ரோட்டுக்குப் போகிறவர் விவரத்தோடு போக வேண்டும். அங்கே ரீஃபர்பிஷ்டு என்று விற்பதில் பெரும்பாலானவை ஐடி கம்பெனிகள் மூன்று நாலு வருஷம் ஓட்டிவிட்டுக் கழித்த லெனோவா திங்க்பேடும் டெல் லேட்டிட்யூடும். உழைக்கிற மாடல்கள்தான். "ஐ7 சார்" என்று காட்டினால் மயங்க வேண்டாம். ஐ7-6600யூ என்றால் ஆறாம் தலைமுறை, விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. ஐ3-8130யூ என்றால் எட்டாம் தலைமுறை, பட்டியலில் உண்டு. நடுவில் இருக்கும் சின்னக் கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும், 8-ல் தொடங்கினால் எட்டாவது, 10, 11 என்று தொடங்கினால் இன்னும் நல்லது. ஸ்டிக்கரை நம்பாமல் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து பார்க்க வேண்டும், ஸ்டிக்கர் தனியாகவே கிடைக்கிறது.

அடுத்தது இதைவிடப் பெரிய கண்ணி. காவேரிப்பட்டணத்துக்காரர் ஒருவர் பெங்களூரில் ஒரு கடையில் அருமையான லேப்டாப் ஒன்று வாங்கி வந்தார், கீறல்கூட இல்லை. மூன்று மாதம் கழித்து ஏதோ தொந்தரவு என்று ரீசெட் செய்தார், வைஃபையில் இணைத்ததும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் பெயர் வந்து, உங்கள் அலுவலக மெயிலைப் போடுங்கள் என்று நின்றுவிட்டது. கம்பெனிகள் தங்கள் லேப்டாப்களை ஆட்டோபைலட் என்ற முறையில் மைக்ரோசாப்டிடம் பதிந்து வைப்பதுண்டு. கழிக்கும்போது அந்தப் பதிவை நீக்காமல் விட்டால் ஒவ்வொரு ரீசெட்டிலும் அந்தத் திரை வரும். நெட் இல்லாமல் விண்டோஸ் ஏற்றி விற்றுவிடுவதால் வாங்கும்போது தெரியாது. அதனால் கொழுந்தனாரை அங்கேயே உட்கார்ந்து, ரீசெட் போடச் சொல்லி, தன் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, முழுதும் ஏறும்வரை பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் ஆகலாம், ஆகட்டும். விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் செட்டிங்ஸுக்குள் போக பாஸ்வேர்ட் கேட்கிறதா என்றும் பார்க்க வேண்டும், கேட்டால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட வேண்டியதுதான். பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லி, டிசைன் கெபாசிட்டி, அதாவது புதிதில் இருந்த அளவு, 50,000 என்று இருக்கும் இடத்தில் ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி 22,000 என்று இருந்தால் புதுப் பேட்டரிக் காசைக் கழித்துக்கொண்டு பேச வேண்டும். வாரண்டி வாயால் சொன்னால் ஆகாது, சீரியல் நம்பரோடு பில் வேண்டும். பெங்களூர் கிருஷ்ணகிரியிலிருந்தே 90 கிலோமீட்டர், ஒவ்வொரு தடவையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாது.

இதில் எது என்றால், எஸ்எஸ்டியும் இலவச நீட்டிப்பும் இப்போதைக்கு, அந்த நீட்டிப்பு முடியும் 2026 அக்டோபருக்குள் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேற்பட்டதோ ஒன்று நிதானமாகப் பார்த்து வாங்குங்கள். வாங்கின எஸ்எஸ்டி வீணாகாது, யூஎஸ்பி கேஸில் போட்டால் அதுவும் பேக்கப்தான். டேலிக்கும் எக்செலுக்கும் 55,000 ரூபாய் லேப்டாப் தேவையே இல்லை.

இந்த மாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் முடியட்டும், அதற்கு முன்னால் லேப்டாப்பை யாரிடமும் கொடுக்காதீர்கள். 21-ஆம் தேதி டேலி பேக்கப்பை ஒரு பென்டிரைவில் எடுத்து, அது வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் ஆகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, அப்புறம் எடுத்து வாருங்கள். காலையில் கொடுத்தால் அன்று சாயங்காலமே வாங்கிக்கொள்ளலாம்.