பெயின்ட் டப்பாவை அப்புறம் திறக்கலாம்: பழைய பாய்ப் படகு கேள்வி-பதில்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான். ஆனால் அந்த 61 நாளும் ஆசாரி, ஃபைபர் வேலைக்காரர் எல்லாரும் கரையிலேயே கிடைப்பார்கள் என்பதால், சின்னப் பாய்ப் படகு வைத்திருப்பவர்களும் அப்போதுதான் படகைக் கவிழ்த்துப் பார்க்கிறார்கள். கேள்விகளும் அப்போதுதான் குவிகின்றன. இந்த முறை வந்ததில் பாதி, "எந்த பெயின்ட் நல்லது?" என்பதுதான். அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டேன். தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே தங்குகிறது என்று தெரியாமல் பெயின்ட் அடிப்பது வீண் செலவு. மிச்சத்தில் பலருக்கும் உதவக்கூடியவை இங்கே.

தாத்தாவின் பாய் வள்ளம் கஜா புயலுக்குப் பிறகு தண்ணீரில் இறங்கவே இல்லை. கொட்டகையில் கிடந்து காய்ந்து, பலகை இடுக்கில் வெளிச்சம் தெரிகிறது. மேலே ஃபைபர் ஒட்டிவிட்டால் இன்னும் இருபது வருடம் ஓடும் என்கிறார்கள். ஒட்டலாமா ஐயா? (முத்துப்பேட்டை)

ஒட்டாதீர்கள். வெளிச்சம் தெரிவதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். 2018 நவம்பரிலிருந்து காய்ந்துகிடக்கும் பலகை சுருங்கத்தான் செய்யும். தண்ணீர் பட்டால் ஊறி மறுபடியும் நெருங்கிக்கொள்ளும். ஃபைபர் ஒட்டினால் மரம் ஊறுவதும் சுருங்குவதும் நிற்காது, ஃபைபர்தான் விரிசல் விடும். பாலியஸ்டர் ரெசின் மரத்தில் அரைகுறையாகத்தான் பிடிக்கும், அதிலும் வருடக்கணக்கில் மீன் எண்ணெய் குடித்த பலகை என்றால் கேட்கவே வேண்டாம். உள்ளே விழும் மழைத்தண்ணீர் பலகைக்கும் ஃபைபருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துவிடும், வெளியேற வழி கிடையாது. வெளிப்பக்கம் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே மரம் ஊறிய அவல் மாதிரி ஆகிவிடும்.

செலவே இல்லாத வேலையை முதலில் செய்யுங்கள். ஒரு குத்தூசியோ, தேய்ந்த ஸ்க்ரூடிரைவரோ எடுத்துக்கொண்டு படகுக்குள் உட்காருங்கள். ஏரா என்கிற அடிமரம், அதை ஒட்டிய முதல் பலகை, விலா எலும்பு மாதிரி வளைந்திருக்கும் வங்குகள் ஏராவில் வந்து சேரும் மூலைகள், அணியம் என்கிற முன்பக்கத்தின் உள்முனை, பாய்மரம் ஊன்றும் கட்டை என்று வரிசையாகக் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை கொஞ்சம்தான் இறங்கும், எடுக்கும்போது பிடித்துக்கொள்ளும். கெட்ட மரத்தில் சத்தமில்லாமல் இறங்கிவிடும். வெளியே எடுத்தால் முனையில் பழுப்புத்தூள் ஒட்டியிருக்கும். சந்தேகமான இடத்தில் ஒரு சிராய் பெயர்த்துப் பாருங்கள். நீளமாக நார் நாராகப் பிரிந்தால் மரத்தில் உயிர் இருக்கிறது. பொட்டுப் பொட்டாக ஒடிந்தால் மட்கிவிட்டது, அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும்.

மட்கிய வங்குக்குப் பதிலாக நேர்மரத்தை அறுத்து வளைவு எடுக்காதீர்கள். நார் குறுக்கே அறுபட்டு, முதல் அலையிலேயே பிளக்கும். வளைந்தே வளர்ந்த பூவரசங்கிளையோ புன்னைக்கிளையோ தேடுங்கள். நம் பக்கம் பூவரசுக்கா பஞ்சம்?

ஆணித்தலையைச் சுற்றிக் கறுப்பு வட்டம் இருந்தால் இரும்பாணி துருவேறி மரத்தையும் சேர்த்துத் தின்கிறது என்று பொருள். அதைப் பிடுங்கப் போனால் பலகை பெயர்ந்து வரும். ஆணி பிடி விட்டுவிட்டதென்றால் பழையதை அப்படியே விட்டு, கொஞ்சம் தள்ளிப் புது ஆணி இறக்குவதுதான் நல்லது. அதுவும் ஒரே ரேகையில் வேண்டாம், மரம் கீறும். துத்தநாகம் பூசிய ஆணி போதும். இரும்பாணி இருக்கிற பலகையில் செம்பாணி சேர்க்காதீர்கள். உப்புத் தண்ணீரில் இரண்டும் சேர்ந்தால் இரும்பு சீக்கிரம் கரையும்.

இனி கலப்பத்து, அதாவது பலகை இடுக்கை அடைக்கும் வேலை. இடுக்கில் இருக்கும் பழைய பஞ்சையும் தார் மாதிரியான கீலையும் கொக்கியால் சுரண்டி எடுத்துவிட்டு, பஞ்சுத்திரியைச் சின்னச் சின்ன மடிப்பாக இடுக்கில் வைத்து, மழுங்கின உளியாலும் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலாலும் தட்டி இறக்க வேண்டும். காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு தளர்வாக இருக்கும்வரை தட்டும் சத்தம் மந்தமாக வரும். இறுகியதும் கணீரென்று மாறும். ஊறிய பலகை என்றால் அந்தக் கணீர் வரும்வரை தட்டலாம். உங்களுடையது காய்ந்த பலகை, அதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். இறுக்கி அடைத்தால், பலகை ஊறும்போது விரிய இடமில்லாமல் ஆணியை இழுக்கும், வங்கை உடைக்கும். இதே காரணத்துக்காகத்தான் குழாய் அடைக்கும் எபாக்ஸி புட்டியை இடுக்கில் வைக்கக்கூடாது என்கிறேன். பஞ்சுக்கு மேல் எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியமே போதும். பலகை நெருங்கும்போது அது பிதுங்கி வெளியே வந்துவிடும். பிதுங்கியதைச் சுரண்டி எடுத்தால் வேலை முடிந்தது.

இறக்குவதற்கு முன் நாலைந்து நாள் உள்ளே ஈரச்சாக்கு விரித்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். பிறகு முழங்கால் ஆழத்தில் கட்டிப் போடுங்கள். அன்று இரவே தண்ணீர் ஏறிப் பாதி மூழ்கும், பதற வேண்டாம். இரண்டு மூன்று நாளில் ஊற்று அடங்கும். அப்போதும் அடங்காத இடம் எதுவோ, அதுதான் உண்மையான ஓட்டை. அங்கே மட்டும் மறுபடி கை வையுங்கள்.

எஸ்.எஸ். என்று சொல்லி வாங்கிய போல்ட்டெல்லாம் ஒரே வருடத்தில் பழுப்பாகிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா அண்ணே? (வேதாரண்யம்)

ஏமாற்றவில்லை, அது எவர்சில்வரில் 304 ரகமாக இருக்கும். சமையல் பாத்திரத்துக்குச் சரி, உப்பளக் காற்றுக்கு ஆகாது. 316 கேட்டு வாங்குங்கள். அதில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பைத் தாங்கும். காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மேலே தெரியும் பழுப்புக் கறையைவிட, காற்றுப் புகாத இடத்தில் மறைந்திருக்கும் அரிப்புதான் ஆபத்து. வருடத்துக்கு ஒரு போல்ட்டையாவது முழுசாகக் கழற்றி, நடுத்தண்டு மெலிந்திருக்கிறதா என்று பாருங்கள். அலுமினியப் பாய்மரத்தில் மாட்டினால் நடுவில் நைலான் வாஷர் கட்டாயம்.

பாண்டிச்சேரியிலிருந்து 14 அடி ஃபைபர் பாய்ப் படகு ஒன்றை மலிவாக வாங்கி வந்தேன். தளத்தில் நின்றால் மெத்தென்று அமுங்குகிறது. மேலே இன்னொரு கோட் ஃபைபர் மேட் போட்டால் சரியாகுமா? (தரங்கம்பாடி)

மலிவாகக் கிடைத்ததற்குக் காரணமே அதுதான். தளம் என்பது இரண்டு ஃபைபர் தோலும் நடுவில் ஒட்டுப்பலகையும். கொக்கி, கப்பி மாட்டிய ஸ்க்ரூ ஓட்டை வழியே தண்ணீர் இறங்கி நடுப்பலகை மட்கிவிட்டது. மேலே எத்தனை கோட் போட்டாலும் எடைதான் கூடும்.

சுத்தியலின் பிடியால் தளம் முழுக்கத் தட்டுங்கள். நல்ல இடம் டக்கென்று கேட்கும், கெட்ட இடம் தொப்பென்று கேட்கும். சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஓரத்தில் சின்னதாக ஒரு துளை போட்டு, டிரில்லில் வரும் தூளைப் பாருங்கள்: வெளிறி உலர்ந்து வந்தால் அதுவரை சரி, கறுத்து ஈரமாக வந்தால் கோட்டை இன்னும் தள்ளிப் போடுங்கள். பிறகு மேல்தோலை மட்டும் அறுத்து எடுத்து, மட்கியதைச் சுரண்டிவிட்டு, பல நாள் நன்றாகக் காயவிடுங்கள். இந்தக் காயவிடும் வேலையில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். புதுப்பலகைக்கு ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து மெரைன் பிளைவுட் வாங்குங்கள். "வாட்டர் ப்ரூஃப்" என்று கடைக்காரர் வாயால் சொல்வது கணக்கில் வராது.

வெட்டிய ஓரத்தை நேராக ஒட்டாமல் சரிவாகத் தேயுங்கள். தடிமனைப் போல 12 மடங்கு சரிவு வேண்டும். 3 மில்லிமீட்டர் தோலுக்கு 36 மில்லிமீட்டர். தேய்க்கும்போது முகக்கவசம், முழுக்கை சட்டை. இல்லையென்றால் கண்ணாடித்தூள் அரிப்பில் ராத்தூக்கம் போய்விடும்.

நம் சித்திரை வெயிலில் மதியம் ரெசின் கலக்காதீர்கள், கிண்ணத்திலேயே இறுகிவிடும். விடிகாலையில் தொடங்கி, சிறிது சிறிதாகக் கலந்து, ஒன்பது மணிக்கெல்லாம் முடித்துவிடுங்கள். 100 கிராம் பாலியஸ்டர் ரெசினுக்கு அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் 1 முதல் 2 கிராம் என்பது பொதுக்கணக்கு. வெயில் நாளில் 1 கிராமை ஒட்டியே இருங்கள், அதற்கும் கீழே போனால் கடைசிவரை பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். முக்கியமான ஒன்று: இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்கக்கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கிவிட்டு, பிறகே கேட்டலிஸ்ட். கையோடு இன்னொன்று: எபாக்ஸி போட்டு இறுகிய இடத்தின் மேல் பாலியஸ்டர் சரியாக ஒட்டாது. எதில் தொடங்கினீர்களோ அதிலேயே முடியுங்கள்.

வள்ளத்தின் அடிமரத்தில் ஊசி குத்தினாற்போலச் சின்னச் சின்ன ஓட்டைகள். மேலே கெட்டியாகத்தான் இருக்கிறது. விட்டுவிடலாமா? (பழையாறு)

விடாதீர்கள். கப்பல் புழுவின் வாசல் அது. பெயர்தான் புழு, உண்மையில் சிப்பி இனம். குஞ்சாக இருக்கும்போது ஊசித்துளை அளவில் நுழைந்து, உள்ளேயே வளர்ந்து, மரத்தின் நீளவாக்கில் குடைந்துகொண்டே போகும். வெளி ஓட்டை கடைசிவரை சின்னதாகவே இருப்பதால் ஏமாந்துபோகிறோம். குத்தூசியை அந்த ஓட்டையில் விடாமல், அதற்கு ஒரு சாண் தள்ளி அழுத்திக் குத்துங்கள், உள்ளே வெற்றிடமா என்று தெரிந்துவிடும்.

கொள்ளிடத்தில் வெள்ளம் வரும்போது நல்ல தண்ணீரில் ஒரு வாரம் போட்டால் செத்துவிடும் என்பார்கள். நம்பாதீர்கள். உப்பு குறைந்தால் வாசலை அடைத்துக்கொண்டு வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் ஜீவன் அது. கரையேற்றி, கவிழ்த்து, நன்றாகக் காயப் போடுவதுதான் நிச்சயமான வழி. அப்புறம் ஏராவுக்கு அடியில் தனியாக ஒரு பட்டைக்கட்டை அடித்துவிடுங்கள். ஒரு மரத்திலிருந்து பக்கத்து மரத்துக்குத் தாண்டுவது இதற்குப் பெரும்பாலும் முடியாது. கட்டை அரிபட்டால் மாற்றிக்கொள்ளலாம், ஏரா தப்பிக்கும். மணலில் இழுக்கும்போது தேய்வதும் அந்தக் கட்டைதான்.

முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவது நல்ல பழக்கம், ஆனால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பட்ட இடம் கொப்பளித்துவிடும். கடையில் வாங்குவதென்றால் செம்பு கலந்த அடிப்பூச்சு வாங்குங்கள். படகின் அடியில் ஒட்டி வளரும் கொட்டலசும் குறைவாக ஒட்டும். டின் (வெள்ளீயம்) கலந்த பழைய ரகப் பூச்சை யாராவது மறைத்து விற்றால் வாங்காதீர்கள். கடல் உயிர்களைக் கெடுக்கிறது என்று சர்வதேச உடன்படிக்கை அதற்குத் தடை போட்டது. 2008 முதல் நடைமுறையில் இருக்கிறது.

பாய் கிழிந்துவிட்டது. தார்ப்பாயில் தைத்தால் போதுமா, துணியே வாங்க வேண்டுமா? (அதிராம்பட்டினம்)

முதலில் கிழிந்தது துணியா, தையலா என்று பாருங்கள். வெயிலில் முதலில் சாவது நூல்தான். தையல் மேல் கட்டைவிரல் நகத்தை அழுத்திக் குறுக்கே இழுங்கள். நூல் பொடிந்தால், துணி நன்றாக இருக்கும்வரை மறுதையல் போட்டாலே போதும். வெயில் தாங்கும் பாலியஸ்டர் நூலில் வளைவுத்தையல் (ஜிக்ஜாக்) போடச் சொல்லுங்கள். பருத்தி நூல் வேண்டாம்.

துணியே போய்விட்டதென்றால், தார்ப்பாய் ஒரு பருவத்துக்கு ஓடும். அதற்குள் தொய்ந்து பை போலாகி, காற்றை எதிர்த்துப் போகும்போது சொன்ன பேச்சுக் கேட்காது. அளவு சரியா என்று சோதித்துப் பார்க்கத் தார்ப்பாயில் தைத்து, பிடித்துப்போனால் அதே அளவில் பாலியஸ்டர் பாய்த்துணிக்குப் போகலாம். எதில் தைத்தாலும், பாயைக் குறுக்கி மடித்துக் கட்ட ஒரு வரிசைக் கயிறு வையுங்கள். சோழகக் காற்று ஏறியடிக்கும் ஆடி மாதத்தில் முழுப்பாயோடு போவது வீரமில்லை. மரம் ஒடிந்தால், பின்னால் துடுப்புதான்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் படகை எப்படிப் பாதுகாப்பது? (கோடியக்கரை)

கவிழ்த்து வைக்க முடிந்தால் கவிழ்த்து, மண்ணில் படாமல் கட்டை கொடுத்து வையுங்கள். முடியாவிட்டால் அடித்துளை மூடியைக் கழற்றிவிட்டு, அணியத்தை உயர்த்தி நிறுத்துங்கள். 4 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலமுள்ள திறந்த படகில் 10 சென்டிமீட்டர் மழை விழுந்தால் 600 லிட்டர், அதாவது 600 கிலோ. முட்டுக் கொடுத்த இடத்தில் வங்கு ஒடிவது இப்படித்தான்.

பிளாஸ்டிக் ஷீட்டை இறுக்கிச் சுற்றாதீர்கள், உள்ளே வேர்த்து மரம் மட்கும். கடல் தண்ணீரைவிட மழைத்தண்ணீர்தான் மரத்துக்கு எமன். உப்பில் பூஞ்சை அவ்வளவாக வளராது. கீற்றுக் கொட்டகை மாதிரி நல்ல கூரை வேறில்லை, மழை இறங்காது, காற்று புகுந்து போகும். புயலுக்குக் கட்டும்போது தென்னையில் கட்டாதீர்கள். கஜாவில் தென்னைகள் சாய்ந்ததைப் பார்த்த ஊருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மண்ணில் ஆழப் புதைத்த கட்டையில் கட்டுங்கள். பாய்மரத்தைக் கழற்றிக் கீழே படுக்கப் போடுங்கள்.

15 அடி பாய் வள்ளத்துக்கு 10 குதிரைத்திறன் அவுட்போர்டு போட ஆசை. தாங்குமா? (நாகப்பட்டினம்)

வேண்டாம் தம்பி. தண்ணீரைப் பிளந்து போகும் இந்த ரகப் படகின் வேகத்துக்கு நீளம்தான் எல்லை. படகின் நீளத்தில் 14 அடி தண்ணீரில் படிந்தால் மணிக்கு 9 கிலோமீட்டர் சொச்சம்தான் வசதியான உச்சம். அதற்கு மேல் எஞ்சினை முறுக்கினால் பின்பக்கம் அமிழும், அணியம் தூக்கும், டீசலோ பெட்ரோலோ வீணாகும். கிட்டத்தட்ட 40 கிலோ எடை பின்னால் தொங்கினால் பாயில் போகும்போதும் படகு இழுக்கும். 2.5 குதிரைத்திறன் போதும், எடையும் பாதிக்குக் கீழே.

மின் மோட்டாரும் சின்ன தூரத்துக்கு நல்லது, ஆனால் கணக்குப் போட்டு வாங்குங்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில், 50 ஆம்பியர் இழுக்கும் மோட்டார் காகிதத்தில் 2 மணி நேரம் ஓடும். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் கெடும் என்பதால் நிஜத்தில் 1 மணி நேரம்தான். எதிர்க்காற்றில் திரும்பி வரவேண்டிய நேரத்தையும் அதற்குள்ளேயே அடக்க வேண்டும். எந்த எஞ்சின் வாங்கினாலும் துடுப்பைக் கரையில் விட்டுப் போகாதீர்கள்.