காய்ச்சலில் படுத்திருக்கும்போது ஹார்மோன் மாத்திரை: நிறுத்தலாமா?

காரிமங்கலம் பக்கத்திலிருந்து 34 வயது வாசகி ஒருவர், பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு எழுதியிருக்கிறார்:

"தைப்பூசத்துக்குக் குமாரசாமிப்பேட்டை தேர் இழுக்கப் போக வேண்டுமென்று, மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையை மெடிக்கலில் வாங்கி ஒரு நாளைக்கு மூன்று வீதம் சாப்பிட்டேன். தேர் முடிந்த மறுநாளே காய்ச்சல். இந்தக் காய்ச்சலில் தீட்டும் வந்தால் உடம்பு தாங்காது என்று மாத்திரையை நிறுத்தவில்லை. இன்றோடு மாத்திரை 11 நாள், காய்ச்சல் 5 நாள். இன்னும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. எழுந்து நடக்கவே முடியாமல் படுத்திருக்கிறேன், இடது கெண்டைக்கால் வலிக்கிறது. ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகும் என் நாத்தனார் இரண்டு மாதமாகச் சினைப்பை நீர்க்கட்டிக்கு மாத்திரை எடுக்கிறாள், அவளுக்கும் இப்போது காய்ச்சல். காய்ச்சலோடு இந்த மாத்திரை சாப்பிட்டால் ரத்தம் கட்டிக்கொள்ளும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். உண்மையா? இருவரும் இன்றே நிறுத்திவிடலாமா?"

அந்த அக்கா சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் நிறுத்துவதற்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டியது வேறு ஒன்று. முதலில் அந்தக் காலைப் பாருங்கள்.

வைரஸ் காய்ச்சலில் கால் வலிக்காதவர் யார்? சிக்குன்குனியாவோ டெங்குவோ ஃப்ளூவோ, இரண்டு காலும் சேர்ந்து கழன்று விழுவதுபோல வலிக்கும். ஒரு கால் மட்டும் வலித்தால், அதுவும் அந்தக் கால் வீங்கி, சூடாக, தொட்டால் நோகும்படி இருந்தால் கதை வேறு: காலின் சிரைக்குள் (இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) ரத்தம் கட்டியதாக இருக்கலாம். வீட்டில் தையல் டேப் இருந்தால் எடுங்கள். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் எலும்பு புடைத்துக்கொண்டு தெரியும். அதிலிருந்து 10 செ.மீ. கீழே இரண்டு காலின் சுற்றளவையும் அளக்கவும். வலிக்கிற கால் 3 செ.மீ.க்கு மேல் பருத்திருந்தால் நாளை வரை காத்திருக்க வேண்டாம், இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வித்தியாசம் அதைவிடக் குறைவு என்றாலும், வலி அந்த ஒரே காலில் நிற்கிறது என்றால் காட்டியே ஆக வேண்டும். ரத்தக்குழாயில் ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் கட்டி இருந்தால் தெரிந்துவிடும். டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை காய்ச்சல் நேரத்தில் எப்படியும் கூடுதலாகவே காட்டும். அதில் ஒரு எண்ணைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம்.

இன்னொன்று. சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு உருவிவிடச் சொல்லாதீர்கள். நம் பக்கத்தில் கால் வலி என்றாலே சுளுக்கு எடுப்பவரைத்தான் முதலில் தேடுகிறோம். உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் உருவும்போது அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். நீங்கள் வாங்கியது பெரும்பாலும் 5 மில்லிகிராம் நாரெத்திஸ்டெரோனாக இருக்கும். அது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மாத்திரை இல்லை, அதனால் ரத்தம் உறையும் பயம் இல்லை என்று மருத்துவர்களே பலர் நினைத்திருந்தார்கள். ஆனால் உடம்புக்குள் போனதும் அதில் ஒரு சிறு பங்கு, கருத்தடை மாத்திரையில் இருக்கும் அதே ஈஸ்ட்ரோஜனாக, எத்தினைல் எஸ்ட்ராடையாலாக, மாறுகிறது. நாளொன்றுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் சாப்பிட்டால், 20 முதல் 30 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை ஒன்றைச் சாப்பிட்டதற்குச் சமம். உங்கள் கணக்கு நாளைக்கு 15. நீர்க்கட்டிக்குத் தருவதும் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த கருத்தடை மாத்திரைதான். ஆக, சாமிக்காக வாங்கிய அந்த அட்டையும் நாத்தனாரின் மாத்திரையும் இந்த விஷயத்தில் ஒரே சாதிதான்.

ஈஸ்ட்ரோஜன் கல்லீரலுக்குள் போய், ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களை அதிகம் சுரக்கச் செய்கிறது. உறையாமல் காக்கும் புரதங்களைக் குறைக்கிறது. இது எவ்வளவு பெரிய ஆபத்து? மாத்திரை எடுக்காத, கர்ப்பமாகவும் இல்லாத 10,000 பெண்களில் வருடத்துக்குச் சுமார் 2 பேருக்குச் சிரையில் ரத்தம் உறைகிறது. ஈஸ்ட்ரோஜனோடு லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற இன்னொரு ஹார்மோன் சேர்ந்த மாத்திரை எடுப்பவர்களில் அது 5 முதல் 7. அரசு இலவசமாகத் தரும் மாலா-என் இந்த வகை. ட்ரோஸ்பைரினோன், டெசோஜெஸ்ட்ரல் சேர்ந்தவற்றில் 9 முதல் 12. நீர்க்கட்டிக்கும் முகப்பருவுக்கும் எழுதித் தரும் சைப்ரோடெரோன் மாத்திரையும் இந்தப் பக்கம்தான். கர்ப்பத்திலும், அதைவிடப் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் ஆபத்து இதைத் தாண்டும். எனவே கருத்தடை மாத்திரையை விஷம்போல் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் ஆபத்து அதிகம் இருப்பது முதல் வருடத்தில், அதிலும் முதல் மூன்று மாதத்தில். உங்கள் நாத்தனார் இரண்டாவது மாதத்தில் இருக்கிறார்.

காய்ச்சல் இதன் மேல் ஏறி உட்காருகிறது. ரத்தக்குழாயின் உட்சுவர் புண்பட வேண்டும், ஓட்டம் தேங்க வேண்டும், ரத்தமே உறையும் தன்மைக்கு மாற வேண்டும். கட்டி உருவாவதற்கு வழி இந்த மூன்றுதான் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ சொன்னதை இன்றும் மாணவர்களுக்குப் பாடமாக எடுக்கிறோம். வைரஸ் கிளப்பும் அழற்சி உட்சுவரைக் கெடுக்கிறது. ஐந்து நாள் படுக்கை ஓட்டத்தைத் தேக்குகிறது. வாய் கசந்து தண்ணீர்கூட இறங்காமல் ரத்தம் கெட்டியாகிறது. கோவிட்டில் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். காய்ச்சல் விட்டுப் பல வாரங்கள் கழித்தும் கால்களிலும் நுரையீரலிலும் கட்டி வந்தவர்கள் உண்டு.

அப்படியானால் உடனே நிறுத்திவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் நம் ஊர்க் காய்ச்சல் குறுக்கே நிற்கிறது. உங்களுக்கு வந்திருப்பது டெங்குவாக இருந்தால்? அதில் பிளேட்லெட் (ரத்தப்போக்கை நிறுத்த உதவும் ரத்த அணு) குறையும். மாத்திரையை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் மாதவிலக்கு வரும். பிளேட்லெட் சரிந்து கிடக்கும் நேரத்தில் அது வந்தால் போக்கு கட்டுக்கடங்காமல் போகலாம். டெங்குவில் காய்ச்சல் குறையும் 3 முதல் 7ஆம் நாள் வரைதான் ஆபத்தான கட்டம். நீங்கள் அதன் நடுவில் இருக்கிறீர்கள். ஆகவே இன்றே ரத்த அணுக்கள் எண்ணிக்கையும் டெங்கு பரிசோதனையும் எடுங்கள். பிளேட்லெட் நன்றாக இருந்தால் தள்ளிப்போடும் மாத்திரையை இன்றோடு விட்டுவிடலாம். தேர் முடிந்துவிட்டது, அது இனி எதற்கு? ஒரு லட்சத்துக்குக் கீழே என்றால், அல்லது ஈறில், மூக்கில் ரத்தம் தெரிந்தால், எப்போது நிறுத்துவது என்பதைப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும். பயந்துபோய் "ரத்தம் உறையாமல் இருக்க" என்று ஆஸ்பிரின் வாங்கிப் போடாதீர்கள். உடம்பு வலிக்கு டைக்ளோஃபினாக் ஊசியும் வேண்டாம். டெங்குவில் இரண்டுமே ஆகாது. பாராசிட்டமால் போதும். போக்கு அதிகமானால் அதை நிறுத்த மெடிக்கலில் தரும் ட்ரானெக்சாமிக் அமில மாத்திரையையும் நீங்களாக வாங்க வேண்டாம், அதுவும் உறைவைக் கூட்டுகிற பக்கம்தான்.

நாத்தனாருக்கு: லேசான காய்ச்சல், வீட்டுக்குள் நடமாடுகிறார், சாப்பாடு இறங்குகிறது என்றால் அட்டையின் நடுவில் நிறுத்த வேண்டியதில்லை. நாள் முழுக்கப் படுத்தே இருக்கிறார், மூச்சு வாங்குகிறது, ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள் என்றால், டெங்கு இல்லை என்று தெரிந்ததும் மருத்துவரிடம் சொல்லி நிறுத்த வேண்டும். தேவைப்பட்டால் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியை அவர்களே போடுவார்கள். நிறுத்திய மறுநாளே ஆபத்து தீர்ந்துவிடாது. ரத்தம் பழைய நிலைக்குத் திரும்பச் சில வாரங்கள் ஆகும். நான்கு வாரத்துக்கு மேல் இடைவெளி விட்டு மீண்டும் தொடங்கினால் அந்த முதல் மாதங்களின் ஆபத்தும் புதிதாகத் தொடங்கும். ஆகவே மறுபடி தொடங்கும் முன் கேட்கச் சொல்லுங்கள். கணவர் கூட இருந்தால் அதுவரை ஆணுறை.

இருவருக்கும் பொதுவாக: திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல், சளியில் ரத்தம், மயக்கம் என்றால் 108ஐ அழையுங்கள். தலைவலியைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். காய்ச்சலில் தலை வலிக்கத்தான் செய்யும். ஆனால் இதுவரை காணாத வலி, பாராசிட்டமாலுக்கு அடங்காமல் நாளுக்கு நாள் ஏறி, வாந்தி, மங்கலான பார்வை, கை கால் மரத்துப்போதல், வலிப்பு எதாவது சேர்ந்தால் அது மூளைச் சிரையில் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எது பக்கமோ அங்கே நேராகப் போய்விடுங்கள்.

போகும்போது மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். "வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று நான் கேட்டால் பத்துக்கு எட்டுப் பெண்கள் "இல்லை டாக்டர்" என்பார்கள். பொய் சொல்வதில்லை. பீரோவில் புடவைக்கடியில் இருக்கும் அந்த அட்டையை அவர்கள் மருந்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. கூட வந்த மாமியார் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால், பேச்சே வேண்டாம், அட்டையை மேசையில் வையுங்கள்.

அதுவரை மோர், கஞ்சி, கரைத்த கேழ்வரகுக் கூழ் என்று எது இறங்குகிறதோ அது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து வாசல் வரை ஒரு நடை. முடியாவிட்டால் படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆனால் ஒரு கால் வீங்கியிருந்தால், மருத்துவரிடம் காட்டிய பிறகுதான் நடையும் ஆட்டுவதும்.

அடுத்த தைப்பூசத்துக்கும் தள்ளிப்போட நினைத்தால் இரண்டு வாரம் முன்பே ஒரு மருத்துவரைப் பாருங்கள். அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ ரத்தக்கட்டி வந்ததுண்டா, ஒற்றைத் தலைவலி உண்டா, எடை எவ்வளவு என்று கேட்டுவிட்டு, ஈஸ்ட்ரோஜனாக மாறாத மெட்ராக்ஸிபுரோஜெஸ்ட்ரோனை எழுதித் தரலாம்.