நிபந்தனையுடன் இடம் என்றால் இடம் உண்டா, இல்லையா?

கேள்வி: மூன்று வருட இளங்கலைப் பட்டம் முடித்துவிட்டு வெளிநாட்டில் முதுகலைக்கு விண்ணப்பித்தேன். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் திறன் தேர்வில் மொத்தம் 7. ஆனாலும் 'நிபந்தனையுடன் இடம்' என்றுதான் கடிதம் வந்திருக்கிறது. சந்தோஷப்படலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் அந்தக் கடிதத்தை இன்றைக்கே கடைசி வரி வரை படித்துவிடுங்கள். உங்களைச் சேர்த்துக்கொள்ள அவர்களுக்குச் சம்மதம், இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். என்ன பாக்கி, எந்தத் தேதிக்குள் என்பதும் அதிலேயே இருக்கும்.

மொத்தம் 7 சரி, தனித்தனியாக எவ்வளவு? கேட்டல் 8, வாசித்தல் 7.5, பேசுதல் 7, எழுதுதல் 5.5 என்று வாங்கினாலும் சராசரி 7 வந்துவிடும், ஆனால் எந்தப் பிரிவிலும் 6.5க்குக் குறையக் கூடாது என்று கேட்கிற பல்கலைக்கழகத்துக்கு அது போதாது. கணினியில் எழுதியவர்கள் 60 நாளுக்குள் ஒரு பிரிவை மட்டும் திரும்ப எழுதும் வசதி பல நாடுகளில் இருக்கிறது. அந்த மதிப்பெண்ணை எல்லோரும் ஏற்பதில்லை, அதனால் பணம் கட்டும் முன்பே சேர்க்கை அலுவலகத்தைக் கேட்டுவிடுங்கள்.

மூன்று வருடப் பட்டம் இங்கிலாந்தில் பெரும்பாலும் பிரச்சினை ஆகாது, அங்கேயும் இளங்கலை மூன்று வருடம்தான். அமெரிக்காவில் நான்கு வருடம் வழக்கம் என்பதால் சில பல்கலைக்கழகங்கள் ஏற்கும், சில ஏற்காது.

எனக்குக் கவலை மதிப்பெண் பட்டியலைப் பற்றித்தான். பல இடங்களில் நீங்கள் வைத்திருக்கும் நகல் செல்லாது, படித்த பல்கலைக்கழகமே உறையில் வைத்து முத்திரையிட்டோ இணையம் வழியாகவோ நேராக அனுப்ப வேண்டும். அது வாரக்கணக்கில் இழுக்கும், எனவே முதல் வேலையாக இதற்கு மனு கொடுங்கள். சான்றிதழில் முதலெழுத்து மட்டும், கடவுச்சீட்டில் முழுப்பெயர் என்று இருந்தால் அதையும் இப்போதே எழுதித் தெரிவித்துவிடுங்கள், கடைசி வாரத்தில் இதற்காக அலைவது பெரிய வேதனை.

கேள்வி: இடம் உறுதியானால் விசா தானாக வந்துவிடுமா?

பதில்: வராது. இடம் கொடுப்பது பல்கலைக்கழகம், விசா கொடுப்பது அரசாங்கம். நிபந்தனைகள் தீர்ந்து, கேட்கும் பணமும் ஆதாரமும் கொடுத்த பிறகுதான் சேர்க்கையை உறுதிசெய்யும் ஆவணத்தைப் பல்கலைக்கழகம் தரும்: அமெரிக்கா என்றால் ஐ-20 படிவம், பிரிட்டன் என்றால் சி.ஏ.எஸ். எண். அது கைக்கு வந்த பிறகே விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும்.