நிறுத்திய மருந்தும் நுரையீரலைத் தொடலாம்

பெம்ப்ரோலிசுமாப் என்ற புற்றுநோய் இம்யூனோதெரபி (நோயெதிர்ப்பு சிகிச்சை) மருந்தை நிறுத்தி நாலு மாதம் ஆனபின் உங்கள் அப்பாவுக்கு வறட்டு இருமல், படியேறினால் மூச்சிரைப்பு. மருந்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கலாம். இந்த மருந்து நோயெதிர்ப்பு அணுக்களின் பிரேக்கை எடுத்துவிடுகிறது. கடைசி ஊசிக்குப் பிறகும் பல மாதம் அந்த விளைவு நீடிக்கும். அந்த அணுக்கள் நுரையீரலையே தாக்கினால் வருவதுதான் நிமோனைட்டிஸ், அதாவது நுரையீரல் அழற்சி.

ஆன்டிபயாட்டிக் முடிந்தும் குறையவில்லை என்கிறீர்கள். சரி, இன்றே புற்றுநோய் மருத்துவருக்கு போன் செய்யுங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று விட்டுவிட வேண்டாம். ஆரம்பத்தில் சிடி ஸ்கேனில்தான் பிடிபடும். ஆக்சிமீட்டர் (விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜன் சதவீதம் பார்க்கும் கருவி) இருந்தால் கொஞ்சம் நடக்கவிட்டும் பாருங்கள். என் அம்மாவுக்கு உட்கார்ந்தால் 96, கூடத்தை இரண்டு சுற்று நடந்தால் 89. படியில் பாதியில் நின்று செருப்பைச் சரிசெய்வதுபோல் சமாளிப்பார், நாங்களும் நம்பினோம்!

தொற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பெரும்பாலும் ஸ்டீராய்டு தருவார்கள். மூச்சு லேசானதும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் குறைப்பார்கள், அவசரப்பட்டால் திரும்ப வரும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ ஆக்சிஜன் 92க்குக் கீழே இறங்கினாலோ நேரே அவசரப் பிரிவு. அங்கே ‘கீமோ’ என்று சொல்லாதீர்கள், ‘இம்யூனோதெரபி’ என்றே சொல்லுங்கள்.