வாசகர் கேள்வி பதில்: "முடியாது" என்று சொல்லும் தெம்பு

கேள்வி: ஐயா, நூறு நாள் வேலை வந்ததிலிருந்து வயல் வேலைக்கு ஆளே கிடைப்பதில்லை. எங்கள் அப்பா காலத்தில் ஒரு குரல் கொடுத்தால் இருபது பேர் வந்து நிற்பார்கள். இன்றைக்கு நான் கெஞ்ச வேண்டியிருக்கிறது. ஜனங்களைச் சோம்பேறி ஆக்கியதைத் தவிர அந்தத் திட்டம் என்ன செய்தது?
*(மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி)*

பதில்: நடவு நேரத்தில் ஆள் கிடைக்காமல் நாற்று முற்றிப்போவதைப் பார்க்கிறவருக்கு வயிறு எரியத்தான் செய்யும், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த இருபது பேரும் ஏன் வந்து நின்றார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வரமாட்டேன் என்று சொல்ல அவர்களால் முடியாது, அவ்வளவுதான். குடிசை போட்டிருந்த மனைக்கட்டு மிராசுதாருடையது, கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் கடன் கொடுத்தவர் அவரே, களத்துமேட்டில் கூலி நெல்லை அளக்கிற மரக்காலும் அவர் வீட்டு மரக்கால்தான். எதிர்த்துப் பேசினால் சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கிற சாணிப்பாலும் காத்திருக்கும். பழைய தஞ்சை மாவட்டத்தில் இது கதையில்லை, நடந்தது. 1940களில் பி. சீனிவாசராவ் போன்ற கம்யூனிஸ்ட் தலைவர்கள் ஊர் ஊராகப் போய் விவசாயிகள் சங்கம் கட்டிய பிறகுதான் அந்தக் கொடுமைகள் குறைய ஆரம்பித்தன. மிராசுதாரிடம் இப்படிக் கட்டுண்டு உழைத்த பண்ணையாட்களுக்காக 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்படியும், கூலி நெல் கொஞ்சம் கூட்டிக் கேட்டது, சங்கத்தை விட்டு விலக மறுத்தது என்ற இந்த இரண்டு குற்றத்துக்காக 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் நிலக்காரர்களின் ஆட்கள் வைத்த தீயில் 44 பேர் ஒரே குடிசைக்குள் வெந்து செத்தார்கள், அதில் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். வழக்கில் தண்டிக்கப்பட்ட நிலக்காரர்கள் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றத்திலிருந்து விடுதலையாகி வெளியே வந்தார்கள்.

அப்புறம் 1971-ல் வந்த குடியிருப்புச் சட்டத்தைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. விவசாயத் தொழிலாளி குடியிருந்த மனையை அவர் பெயருக்கே உரிமையாக்கிய சட்டம் அது. காலடியில் இருக்கிற மூன்று நாலு சென்ட் தன்னுடையது என்று ஆனதும், "குடிசையைப் பிரித்து வெளியே போடுவேன்" என்ற மிரட்டலுக்கு வேலையில்லாமல் போயிற்று. என்னைக் கேட்டால் டெல்டாவில் நடந்த பெரிய மாற்றங்களில் அதுவும் ஒன்று.

வேலை உறுதித் திட்டத்தையும் இந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 2005-ல் சட்டமானது, 2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்களில் ஆரம்பித்தது. வயலில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதில் பாதியோ முக்காலோ என்று இருந்த ஊர்களில் இருவருக்கும் ஒரே கூலி என்றார்கள், அதையும் வங்கிக் கணக்கில் போட்டார்கள். நம் ஊரில் அந்த வேலைக்கு அதிகம் போனது பெண்கள், அதிலும் வயதான பெண்கள். பேர்தான் நூறு நாள், நாடு முழுக்கச் சராசரியாகப் பார்த்தால் ஒரு குடும்பத்துக்கு வருஷத்தில் ஐம்பது நாளை ஒட்டித்தான் வேலை கிடைத்தது, அந்தக் கூலியும் பல தடவை வாரக்கணக்கில் தாமதமானது. மீதி முந்நூறு நாள் என்ன ஆயிற்று? அவர்கள் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள், திரும்பி வந்து சேற்றில் இறங்க மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

உங்கள் பக்கத்துக் கஷ்டமும் உண்மை. தமிழ்நாட்டில் ஒருவரிடம் இருக்கிற நிலம் சராசரியாக இரண்டு ஏக்கருக்கும் குறைவு என்று 2015-16 வேளாண் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்த அளவு நிலத்தில் உரம், டீசல், அறுவடை இயந்திர வாடகை எல்லாம் போக என்ன மிஞ்சும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். கூலி கொடுக்கக் கட்டுப்படியாகவில்லை என்றால் கோளாறு நெல்லுக்குக் கிடைக்கிற விலையில் இருக்கிறது. அதை உங்களுக்கு நாற்று நடுகிற அம்மாவின் கூலியில் பிடித்துச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள்.

கேள்வி: 1991-க்குப் பிறகுதான் இந்தியா முன்னேறியது என்கிறார் எங்கள் பேராசிரியர். அதுதான் ஏழைகளை நாசமாக்கியது என்கிறார் என் மாமா. யாரை நம்புவது?
*(கல்லூரி மாணவி, திருச்சி)*

பதில்: இரண்டு பேரையும் பாதிப் பாதி நம்புங்கள். 1991-க்கு முன்னால் வீட்டில் டெலிபோன் வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும், ஸ்கூட்டருக்கும் அதே கதிதான். தொழில் தொடங்க லைசென்ஸ், விரிவாக்க இன்னொரு லைசென்ஸ். 1991-ல் இரண்டு மூன்று வார இறக்குமதிக்குக்கூட அந்நியச் செலாவணி தேறாத நிலை வந்து, ரிசர்வ் வங்கியின் தங்கத்தில் 47 டன்னை விமானத்தில் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பி அடகு வைத்தார்கள். அந்த ஜூலை மாதத்திலேயே ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள், 24-ம் தேதி நிதியமைச்சர் மன்மோகன் சிங் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட பட்ஜெட்டைப் போட்டார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் கார் ஆலைகள் வந்ததும், தரமணியில் 2000-ல் டைடல் பார்க் திறந்ததும் அதன் தொடர்ச்சிதான்.

ஆனால் உங்கள் பேராசிரியர் ஒன்றை விட்டுவிடுகிறார். அந்த ஆலைகளுக்கும் கணினி வேலைகளுக்கும் போகப் படித்த பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள்? காமராஜர் காலத்துப் பள்ளிக்கூடமும் மதிய உணவும், 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், இட ஒதுக்கீடும், 1980களில் ஊருக்கு ஊர் முளைத்த பொறியியல் கல்லூரிகளும் இல்லாவிட்டால் முதலீடு வந்தாலும் ஆள் இருந்திருக்காது. 1951-ல் இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர், 2011-ல் அறுபத்தைந்து பேர். சந்தை அந்த அடித்தளத்தைப் போடவில்லை, போட்ட இடத்தில் வந்து வீடு கட்டியது.

மாமா சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. வேலை செய்பவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இன்றைக்கும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று எதுவும் இல்லாமல்தான் இருக்கிறார்கள். கொங்குப் பகுதியிலும் திண்டுக்கல் பக்கமும் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் பதினாறு, பதினேழு வயசுப் பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் எடுத்து, கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி, விடுதியைவிட்டு வெளியே விடாமல் வேலை வாங்கினார்கள். நடுவில் உடம்புக்கு முடியாமல் கிளம்பினால் அந்தப் பணம் போச்சு. பண்ணையாள் காலத்துக்கும் இதற்கும் நடுவில் மெஷின் மட்டும்தான் புதுசு.

கேள்வி: கூட்டுக் குடும்பம் உடைந்ததுதான் இன்றைய எல்லாப் பிரச்சினைக்கும் காரணம் என்கிறேன். சரிதானே?
*(ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்)*

பதில்: இல்லை. அந்த வீட்டில் கடைசிப் பந்தியில் சாப்பிட்ட மருமகளிடம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நகரத்தில் யார் சாதி பார்க்கிறார்கள்? அதெல்லாம் கிராமத்தோடு முடிந்துவிட்டது என்று என் நண்பன் அடித்துச் சொல்கிறான்.
*(ஒரு வாசகர், சென்னை)*

பதில்: வாடகைக்கு வீடு தேடச் சொல்லுங்கள். "நீங்க எந்த ஊர், அப்பா பேரு என்ன, சைவமா" என்று சுற்றிச் சுற்றி வந்து எதைக் கேட்கிறார்கள் என்பது அவருக்கே புரியும். டீக்கடையில் தனிக் குவளை நகரத்தில் போய்விட்டது, பஸ்ஸில் யாரும் யார் பக்கத்திலும் உட்காரலாம், இதெல்லாம் சும்மா கிடைத்த மாற்றம் இல்லை, நான் அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கல்யாணம் என்று வந்தால் கதவு சாத்திக்கொள்கிறது. நாடு முழுக்கச் சாதி மாறி நடக்கிற கல்யாணம் நூற்றுக்கு ஐந்தாறு என்ற அளவில்தான் ஆய்வுகளில் தெரிகிறது. மலக்குழியில் இறங்கிச் சாகிறவர்கள் யார் என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கையால் மலம் அள்ளுவதை 1993-லும் 2013-லும் இரண்டு தடவை சட்டம் போட்டுத் தடுத்தாயிற்று, இன்னும் செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது, சாகிறவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள்தான்.

கேள்வி: அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அண்ணன்கள் இருவரும், சொத்தில் என் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். "உனக்குத்தான் நகை போட்டுக் கட்டிக்கொடுத்தோமே" என்கிறார்கள். போடாவிட்டால் பிறந்த வீட்டுப் பக்கமே வராதே என்கிறாள் அண்ணி. என்ன செய்வது?
*(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு)*

பதில்: அம்மா, அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குள் வருகிறவர் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். அப்பா தானே சம்பாதித்த சொத்து என்றால், உயில் இல்லாத நிலையில் 1956 சட்டப்படி அண்ணன்களுக்கு எவ்வளவோ அவ்வளவு உங்களுக்கும் உண்டு, அம்மா இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-லேயே மகள்களுக்குச் சம உரிமை கொடுத்தது, அதற்கு முன்னால் கல்யாணமானவர்களை மட்டும் விட்டுவிட்டது. 2005-ல் வந்த மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டையும் எடுத்துவிட்டது, மகளுக்கு அது பிறப்பாலேயே வருகிற உரிமை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2004 டிசம்பருக்கு முன்பே பாகம் பிரித்துப் பதிவு செய்திருந்தால் விஷயம் வேறு. கல்யாணத்துக்குப் போட்ட நகை இந்தப் பங்கைக் கழிக்காது.

சார்பதிவாளர் அலுவலகத்தில் தினமும் இதுதான் நடக்கிறது. பத்திரத்தில் "மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கிறேன்" என்று எழுதியிருக்கும், கையெழுத்துப் போடுகிற தங்கை அதைப் படித்தேயிருக்க மாட்டாள், அவளிடம் பேனாவைக் கொடுத்துவிட்டு அண்ணன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். முழு மனசோடு விட்டுக்கொடுப்பது உங்கள் இஷ்டம், பயந்து கொடுக்க வேண்டாம். பத்திர நகலை முன்கூட்டியே வாங்கி வீட்டில் வைத்து நிதானமாகப் படியுங்கள், வில்லங்கச் சான்று எடுத்து எந்தெந்தச் சொத்து யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண் என்றால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே இலவச உதவி உண்டு. போகும்போது அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், கையில் இருக்கிற பட்டா நகல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.